காலண்டரில் இருந்த கண்ணுச்சாமி

எம். புதுப்பட்டி கண்ணுச்சாமிக்குத் தன் உடம்பின் மேல் இருந்த பிரியம் ஊருக்கே தெரியும். பட்டாசு ஆலையில் மருந்து அறையில் அவருக்கு வேலை. வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் சலித்துக் கலக்கிறவர்கள் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது வெள்ளி முலாம் பூசிய சிலைகள் மாதிரி இருப்பார்கள். மற்றவர்கள் முகத்தில் ஒரு கை தண்ணீரை அடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கண்ணுச்சாமி நேராக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போவார். சீயக்காய் போட்டு ஒரு தடவை, சோப்புப் போட்டு ஒரு தடவை, பீர்க்கங்கூட்டால் தேய்த்து ஒரு தடவை என்று தொட்டி காலியாகும்வரை குளிப்பார். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சின்னக் கத்தரியால் ஒழுங்கு செய்வார்.

அவர் மனைவி பாண்டிச்செல்வி தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு சண்டை போட்டுப் பிடித்து வருகிறவள் அவள்தான். அவள் ஒரு நாள் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, இந்த மனுசன் குளிக்கிற தண்ணியில ஒரு தென்னம்பிள்ளை வச்சிருந்தா இந்நேரம் தேங்காயாவது கண்டிருக்கலாம் என்றாள். கண்ணுச்சாமி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடியில் இடது பக்க மீசை வலது பக்கத்தைவிட ஒரு நூல் இறங்கியிருந்தது.

இப்படி இருந்த மனிதருக்கு உடம்பின் மேல் சந்தேகம் வந்தது 2003ஆம் வருஷ விபத்தில்.

தீபாவளி சீசனுக்கான ஆர்டர் குவிந்துகிடந்த நேரம். பக்கத்து அறையில் மருந்து உரசிக்கொண்டது. சத்தம் கேட்டதும் ஓடு என்பதுதான் அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பது. கண்ணுச்சாமியும் ஓடினார். வேலிக்கருவை முள்ளுக்குள் விழுந்து எழுந்து, புகை அடங்கியதும் திரும்பி வந்தார். வேப்பமரத்தடியில் ஓர் ஆளைக் கிடத்தியிருந்தார்கள். முடி இல்லை, புருவம் இல்லை, தோல் இருந்த இடமெல்லாம் கறுப்பும் சிவப்புமாகக் கிடந்தது. உயரத்தை வைத்து அது கூட வேலை பார்த்த வேலுச்சாமி என்று கண்ணுச்சாமி நினைத்துவிட்டார். பக்கத்தில் குத்தவைத்து, "வேலுச்சாமி, பயப்படாத. வண்டி வந்துட்டு இருக்கு" என்றார்.

அந்த உடம்பு பேசியது. "வேலுச்சாமி எங்கனலே வந்தான்? நாந்தாம்லே, சங்கிலிமுத்து."

சங்கிலிமுத்து கண்ணுச்சாமியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பெயரை மாற்றிக் கூப்பிட்டால் எப்படி எரிச்சல்படுவாரோ அதே எரிச்சல் அந்தக் குரலில் இருந்தது. முகமாக ஒன்றும் மிச்சமில்லாத இடத்திலிருந்து 'நான்' என்ற சொல் மட்டும் ஒரு கீறல் விழாமல் வந்தது.

சங்கிலிமுத்து பிழைத்துக்கொண்டார். மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து, இறுகிப் பளபளக்கும் புது முகத்தோடு ஊர் திரும்பினார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை போட்டார். முதலில் பயந்த பிள்ளைகள் பிறகு கடலை மிட்டாய்க்காகப் பழகிக்கொண்டன. ஆனால் கண்ணுச்சாமியால்தான் பழையபடி இருக்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம், இந்த முகம் போனாலும் உள்ளே இருக்கிறவன் இதே குரலில் நான்தான் என்று சொல்வானா என்று தோன்றியது. சொல்வான் என்றால் இத்தனை வருஷமாகத் தான் மீசை ஒழுங்கு செய்தது யாருக்கு?

இந்தக் கேள்வியோடு அலைந்த மனிதர் சிவகாசியில் ஞாயிற்றுக்கிழமை சத்சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அங்கே கேசரிக்காகப் போனார்கள். அதை நடத்தியவர் செந்தூர்பாண்டி. காலண்டரும் டைரியும் அச்சடிக்கிற ஆப்செட் அச்சகத்தின் முதலாளி. கொடைரோடு பக்கம் ஆசிரமம் வைத்திருந்த ஒரு சாமியாருக்குச் சீடர். வாரா வாரம் அச்சகக் குடோனில் காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு இடம் செய்வார்கள். முன்னால் முதலாளிமார்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. அதற்குப் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியில் ஜமுக்காளம். எல்லா உடம்புக்குள்ளும் இருப்பது ஒரே ஆத்மா, அதற்கு மேல் கீழ் கிடையாது என்று சாமியார் மைக்கில் பேசுவார். ஜமுக்காளத்துக்கும் நன்றாகக் கேட்கும்.

சாமியார் சொன்னது கண்ணுச்சாமிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நீ உன் உடம்பைப் பார்க்கிறாய். பார்க்கப்படுகிற பொருள் எப்படி நீயாக முடியும்? பசி வந்தால், கோபம் வந்தால், இது யாருக்கு என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் எங்கிருந்து எழும்புகிறது என்று விடாமல் பார். அவ்வளவுதான். கண்ணுச்சாமிக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்த்தது யாருக்கு என்று அங்கேயே கேட்டுப் பார்த்தார். பதில் வருவதற்குள் கேசரி வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து கண்ணுச்சாமி முகம் மழிப்பதை நிறுத்தினார். தன்னதல்லாத முகத்துக்கு எதற்குச் சிங்காரம்? சீப்பையும் கத்தரியையும் பாண்டிச்செல்வியிடம் ஒப்படைத்தார். சாயங்காலக் குளியல் ஒரு வாளியோடு முடிந்தது. அந்த அளவில் ஞானமார்க்கத்தின் மேல் பாண்டிச்செல்விக்கு மரியாதை பிறந்தது.

அது நீடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் சோறு ஆக நேரமாயிற்று. கண்ணுச்சாமி அடுப்படிப் பக்கம் வந்து நின்று, பசிக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சாமியார் சொன்னது நினைவு வந்து, "இப்ப பசிக்குதே, இது யாருக்குன்னு பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பகல் முழுக்கக் குச்சி அடுக்கிவிட்டு வந்திருந்த பாண்டிச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லாப் பாருங்க. யாருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொன்னீகன்னா அவருக்கு வடிச்சுப் போடுறேன். உங்களுக்கு இல்லேன்னா நான் செத்த நேரம் படுக்கேன்."

படுத்தும் விட்டாள். அன்றைக்குக் கண்ணுச்சாமி பழைய சோற்றைத் தானே பிழிந்து தின்றார். அதற்குப் பிறகு வீட்டில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

தாடி விஷயத்தில்தான் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. துறப்பதற்காக விட்ட தாடி அபாரமாக வளர்ந்தது. கன்னத்தில் கறுப்பும் மோவாயில் வெள்ளையுமாக, அருவி மாதிரி அலையலையாக நெஞ்சில் இறங்கியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆலையில் 'சித்தரே' என்று கூப்பிட்டார்கள். மருந்துத் தூசி படியக்கூடாது என்று மேஸ்திரி தாடியைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னார். சாயங்காலம் அந்தக் கட்டை அவிழ்த்ததும் கண்ணுச்சாமியின் கை தானாகத் தாடியை நீவிவிட ஆரம்பித்தது. ஒரு வாளிக் குளியல் மறுபடி இரண்டு வாளியானது. தாடிக்கு மட்டும் தனியாகச் சீயக்காய்.

அவர் சங்கிலிமுத்து கடைக்கு வழக்கமாகப் போவார். தன் பாதைக்கு வாசலாக இருந்த மனிதரிடமே தான் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒருநாள் சொன்னார். நாம் இந்த உடம்பு இல்லை, அன்றைக்கு மரத்தடியில் நீதான் எனக்குக் காட்டினாய் என்றார்.

சங்கிலிமுத்து பாட்டிலில் முறுக்கை அடுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ஆஸ்பத்திரில தெனமும் காலையில தோல களுவி விடுவாக. அப்ப கத்துனது இந்த உடம்புதாம்லே. வேற எவனும் வந்து எனக்குப் பதிலாக் கத்தல. உங்க சாமியாரு நல்லா இருக்கட்டும். நான் உடம்பாவே இருந்துக்கிடுதேன்."

கண்ணுச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. சங்கிலிமுத்து ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணினார்.

2006 ஆனி மாதம் செந்தூர்பாண்டி கண்ணில் கண்ணுச்சாமியின் தாடி பட்டது. ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டருக்கான மாதிரிப் படங்களின் ஆல்பத்தை வெளியிட வேண்டும். முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் எல்லா அச்சகத்து ஆல்பத்திலும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் புதுசாக ஏதாவது கேட்டார்கள். ஒரு மகான் வேண்டும், ஆனால் யாருடைய மடமும் வந்து உரிமை கேட்கக்கூடாது. ஜமுக்காளத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமியைப் பார்த்ததும் செந்தூர்பாண்டிக்குச் சத்சங்கத்தின் பலன் கைமேல் கிடைத்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னபோது கண்ணுச்சாமி யோசித்தார். உடம்பு தன்னது இல்லை என்று ஆனபிறகு அதைப் படம் பிடிக்க வேண்டாம் என்று தடுப்பதுதானே அகங்காரம்? இந்த நியாயம் அவருக்கே பிடித்திருந்தது. சரி என்றார். ஆனால் படம் பிடிக்கிற அன்று விடிந்ததும் எழுந்து, பாண்டிச்செல்வியிடம் சீப்பைக் கேட்டு வாங்கி, தாடியை வெகுநேரம் வாரினார்.

அச்சகத்து முற்றத்தில் நீலத் துணியைக் கட்டி, மேல்சட்டை இல்லாமல், திருநீறு பூசி, மான்தோல் மாதிரி அச்சிட்ட விரிப்பில் உட்கார வைத்தார்கள். பிரபாகரன் என்ற டிசைனர் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நல்ல வேலைக்காரர். கண்ணுச்சாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைக் குறைத்தார், தோளை அகலமாக்கினார். கையில் பொறி பட்ட தழும்புகளை ஒவ்வொன்றாக அழித்தார். நகக்கண்ணில் எத்தனை தேய்த்தாலும் போகாத அலுமினியச் சாம்பலைத் துடைத்தார். நிறத்தைச் சந்தனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் பனிமலை, முன்னால் ஆறு, தலையைச் சுற்றி ஒளிவட்டம்.

"அண்ணே, கண்ணு மட்டும் ஒத்துவரல. மருந்துல ரொம்பச் செவந்திருக்கு. அதனால வேற கண்ணு வச்சிருக்கேன்" என்றார் பிரபாகரன்.

யாருடைய கண் என்று கண்ணுச்சாமி கேட்டார். ஒரு சோப்பு விளம்பரத்துக்காக எடுத்த படத்தில் இருந்த பெண்ணின் கண் என்று பிரபாகரன் சொன்னார். மையை எடுத்துவிட்டாராம். திரையில் இருந்தவர் கண்ணுச்சாமியைக் கருணையோடு பார்த்தார்.

ஆல்பத்தில் அந்தப் படத்துக்கு 'மோன சித்தர்' என்று பெயர் போட்டார்கள். அந்த வருஷத்தில் வேறெந்தப் படத்துக்கும் அப்படி ஆர்டர் வரவில்லை. கரூர் ஜவுளிக்கடை, பொள்ளாச்சி எண்ணெய் மில், தேனி நகைக்கடை என்று தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் 2007ஆம் வருஷத்தைக் கண்ணுச்சாமி தாங்கி நின்றார். இவர் யார் என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்கு ஏஜெண்டுகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் குகையில் இருக்கிறார் என்றார். இன்னொருவர் பேச்சை நிறுத்தி அறுபது வருஷம் ஆகிறது என்றார். தனக்கு வந்த காலண்டரைப் பாண்டிச்செல்வி அடுப்படிச் சுவரில் மாட்டி, தினமும் தாள் கிழிக்கும்போது ஒரு கும்பிடு போட்டாள். கண்ணுச்சாமி அதை எட்டிப் பார்த்தபோது, "இவரு நல்ல மாதிரி. ஒரு பேச்சுப் பேச மாட்டேங்காரு" என்றாள்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் ஆலை வேன் வந்து நின்றபோது சங்கிலிமுத்து கடை முன்னால் ஒரு கார் நின்றது. விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் லட்சுமிகாந்தமும் அவர் மனைவி ஞானசுந்தரியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு நெடுநாளாக வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். படுக்கைக்கு எதிரே மாட்டியிருந்த காலண்டர் சித்தரைப் பார்த்தபடியே கிடந்தவள், குணமானால் உங்களைத் தேடி வந்து என் கையால் சோறு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டி கரைந்துவிட்டது, கத்தி வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் செந்தூர்பாண்டியைப் போய்ப் பார்த்தாள். அவர் சித்தர் மலையேறிவிட்டார் என்று கைவிரித்தார். ஆனால் அச்சகத்து லோடுமேன் ஒருவர் அவர்கள் டிரைவரிடம் எம். புதுப்பட்டிப் பக்கம் விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் சங்கிலிமுத்துவிடம் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கண்ணுச்சாமி வேனிலிருந்து இறங்கினார். தலை முதல் கால்வரை வெள்ளி. தாடிக்கு மேல் துணிக்கட்டு. சங்கிலிமுத்து அவரைப் பார்த்தார். ஞானசுந்தரி சுருட்டி வைத்திருந்த காலண்டரை விரித்து, கடைப்பக்கம் வந்த கண்ணுச்சாமியிடமே காட்டினாள்.

"அய்யா, இந்தச் சாமிய இந்தப் பக்கம் எங்கயாவது பாத்திருக்கீகளா?"

கண்ணுச்சாமி படத்தைப் பார்த்தார். பனிமலையைப் பார்த்தார். சந்தன நிறத் தோளைப் பார்த்தார். அந்தக் கண்களைப் பார்த்தார்.

"இல்லம்மா. பாத்ததில்ல" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிறகு பலநாள் யோசித்தார். பாதி சாமியாரின் பாடம். பாதி, பவுடர் அப்பிய உடம்போடு நான்தான் சித்தர் என்று சொல்ல வந்த கூச்சம். இது இரண்டும் போக அடியில் ஒரு சின்ன ஆசை இருந்தது. அந்த அம்மாள் உற்றுப் பார்த்து, இல்லை, நீங்கள்தான் என்று காலில் விழுவாள் என்ற ஆசை. அவள் விழவில்லை. சேலையில் பொடி ஒட்டிவிடாமல் முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சங்கிலிமுத்துவிடம் விலாசம் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்து, தகவல் தெரிந்தால் சொல்லச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

"ஏம்லே, நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சங்கிலிமுத்து.

"நான் அந்த உடம்பு இல்லல்லா?"

"அது தெரியுது. அதுல உன் உடம்பு எங்கன இருக்கு?"

அன்றிலிருந்து கண்ணுச்சாமிக்கு நிம்மதி போயிற்று. மரத்தடியில் கண்ணை மூடினால் பனிமலை வந்து உட்கார்ந்தது. அடுப்படிச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் அங்கே இருந்தவர் மேல் எரிச்சல் வந்தது. தான் சோறு கேட்டால் முகத்தைத் திருப்புகிற பாண்டிச்செல்வி அவருக்கு மட்டும் கும்பிடு போடுகிறாள். தன் தாடிதானே அது? உடம்பு நான் இல்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பழகிய மனிதருக்கு, படத்தில் இருப்பது அவர் உடம்புதான் என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்களே என்பது பெரிய மனக்குறையாகிவிட்டது. யாருக்குக் குறை என்று கேட்டுப் பார்த்தார். எனக்கு என்று பளிச்சென்று பதில் வந்தது. அதற்கு மேல் விசாரணை நகரவில்லை.

பாண்டிச்செல்விதான் ஒரு முடிவு சொன்னாள். அந்த அம்மாள் வேண்டுதலை நிறைவேற்ற முடியாமல் தவிக்கிறாள், குளித்து உடுத்திக்கொண்டு போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தால் உங்களுக்கும் ஆயிற்று, அவளுக்கும் ஆயிற்று என்றாள். இது கருணையின்பாற்பட்ட காரியம் என்று கண்ணுச்சாமிக்கும் பட்டது. சீட்டைச் சங்கிலிமுத்துவிடம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்சங்கத்துக்குப் போகவில்லை. தொட்டித் தண்ணீர் முழுவதும் அன்று செலவானது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, நெஞ்சில் அலையும் தாடி. விருதுநகரில் இறங்கி நடந்தபோது மிளகாய் வற்றல் நெடி ஏறி, மோனம் கலையும்படி நாலைந்து தும்மல் போட்டார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பெரிய வீடு. வாசலில் போய், ஒன்றும் பேசாமல், படத்தில் இருந்ததைப் போலவே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஞானசுந்தரி வந்தாள். பார்த்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"அம்மா, நீங்க தேடுனீகளே, அந்தக் காலண்டருல..." அதற்கு மேல் அவருக்கு வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. 'இருப்பது நான்' என்று முடிக்க வேண்டும். மூன்று வருஷப் பயிற்சி தொண்டையில் நின்று தடுத்தது.

அந்த அம்மாள் கிட்டே வந்து முகத்தை நன்றாகப் பார்த்தாள். கோபிக்கவில்லை. இதற்குமுன் ரெண்டு பேர் இதேபோல் தாடியோடு வந்துவிட்டார்கள், ஒருவர் சாத்தூரிலிருந்து, ஒருவர் ராஜபாளையம் பக்கத்திலிருந்து என்று சொன்னாள். "தாடி ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா அவரு கண்ணுல ஒரு கருணை இருக்குமுல்ல, பெத்தவ பாக்குற மாதிரி. அது உங்ககிட்ட இல்லையே. தப்பா நினைக்காதீக. பசியோட வந்திருப்பீக, சாப்பிட்டுப் போங்க."

பின்கட்டுக் கூடத்தில் இலை போட்டாள். வேலைக்காரப் பெண் இருந்தும், வந்தவரின் மனம் நோகக்கூடாது என்று அவளே பரிமாறினாள். எதிரே சுவரில் மோன சித்தர் சட்டம் போட்டு, மல்லிகைச் சரம் சூடி, ஊதுபத்திப் புகைக்குள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் சாதமும் நெய்யும். கண்ணுச்சாமிக்கு இலையில் பருப்பும் சாம்பாரும் ரெண்டு பொரியலும்.

அவர் நெஞ்சு கொதித்தது. அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோப்பு விளம்பரம் என்று சொன்னால் அந்த மல்லிகைச் சரம் இன்றைக்கே கழன்றுவிடும். வாயைத் திறந்து நிமிர்ந்து பார்த்தார். ஞானசுந்தரி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றில் வலி இருந்த இடத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு படத்தைப் பார்த்து நின்றாள். பல வருஷம் வலியோடு கிடந்து எழுந்தவளின் பார்வை அது. சங்கிலிமுத்து மதுரையிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று ஊரைச் சுற்றிப் பார்த்தாரே, அதேமாதிரி.

கண்ணுச்சாமி வாயை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள். வைக்கச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அடக்கி வைத்த கோபமெல்லாம் பொங்கியது. என்னைப் பார்த்து நான் இல்லை என்று சொல்லிவிட்டாளே! ஆமத்தூர் தாண்டியிருக்கும். அவர் கேட்காமலேயே அந்தக் கேள்வி வந்தது. யாரை அவமானப்படுத்தினாள்? படத்தையா? படத்துக்கு மாலை போட்டிருக்கிறாள். இந்த உடம்பையா? அதற்குத் தன் கையால் சோறு போட்டாள், சொன்னபடி வேண்டுதலை முடித்துவிட்டாள், அது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டும் இல்லையென்றால் அடிபட்டவன் எவன்? கண்ணுச்சாமி உள்ளே தேடினார். சாமியார் சொன்னதற்காகத் தேடவில்லை, நிஜமாகவே அவனைப் பார்க்க வேண்டும் என்று தேடினார். யாரும் அகப்படவில்லை. கோபம் இருந்தது, அதற்குச் சொந்தக்காரன் இல்லை. பிறகு கோபமும் இல்லை. பஸ் குலுங்கியது, வெயில் அடித்தது, யாரோ கூடையில் வைத்திருந்த கோழி கத்தியது. எல்லாம் இருந்தது. கண்ணுச்சாமி என்ற பாரம் மட்டும் இறங்கி எங்கோ போயிருந்தது.

திருத்தங்கலில் ஏறிய ஒருவர் அவர் காலை மிதித்தார். கண்ணுச்சாமி 'ஏலே' என்று கத்திவிட்டார். வலித்தது சந்தேகமில்லாமல் அவருக்குத்தான்.

இருந்தாலும் சிவகாசியில் இறங்கியதும் முதல் வேலையாகச் சலூனுக்குப் போய்த் தாடியை எடுத்துவிட்டார். மீசையை மட்டும் அளவாக விட்டுக்கொண்டார். வீட்டு வாசலில் அவரைப் பார்த்த பாண்டிச்செல்வி, யார் வேண்டும் என்று கேட்டுவிட்டு, குரல் கேட்ட பிறகுதான் வழிவிட்டாள். விருதுநகரில் என்ன நடந்தது என்று கேட்டாள். சாம்பார் ரொம்ப நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

செந்தூர்பாண்டிக்குத்தான் அதிர்ச்சி. சத்சங்கத்து ஆண்டு விழாவில் மோன சித்தரை மேடையேற்றலாம் என்று திட்டம் வைத்திருந்தார். மழித்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. கொடைரோட்டுச் சாமியாருக்கு இந்தக் காலண்டர் விஷயம் முன்னமே உறுத்திக்கொண்டிருந்தது. உருவத்தைக் கும்பிடுவது ஆரம்ப நிலை என்று மைக்கில் ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்து உள்ளே வந்து, தனக்கு ஏன் ஒரு காலண்டர் போடவில்லை என்று செந்தூர்பாண்டியைக் கேட்டார். 2008க்கு அவர் படத்தைப் போட்டார்கள். கண்ணை மட்டும் சரி செய்கிறேன் என்று பிரபாகரன் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. காலண்டர் குடோனிலேயே கிடந்தது. மோன சித்தர் மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு கண்டார். அவர் கம்ப்யூட்டருக்குள் இருந்தார். ஒரு வருஷம் அருவி, ஒரு வருஷம் அடர்ந்த காடு என்று பின்னணியை மாற்றினால் போதும். தாடி வைத்த ஆளே தேவைப்படவில்லை.

கண்ணுச்சாமி மருந்து அறையிலேயே இருந்தார். மத்தியானம் மரத்தடியில் உட்காருவதை விடவில்லை. பஸ்ஸில் கிடைத்தது அதற்குப் பிறகு இரண்டொரு தடவைதான் வந்தது. தேடி உட்கார்ந்த நேரத்தில் வந்ததில்லை. சங்கிலிமுத்துவிடம் அதைச் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை, வந்தவரை லாபம் என்றார்.

ஞானசுந்தரி வருஷா வருஷம் பங்குனியில் மோன சித்தர் பெயரில் அன்னதானம் போட ஆரம்பித்தாள். 2009இல் பாண்டிச்செல்வி அந்த வீட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இருவரும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டே வந்த ஞானசுந்தரி கண்ணுச்சாமிக்கு முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அன்னைக்குத் தாடியோட வந்தவுகதான நீங்க?" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று. "வேசத்தக் கலைச்சுட்டீகளே, ரொம்பச் சந்தோசம். அவரு பார்வை பட்டா மனுசன் திருந்திருவான்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

பாண்டிச்செல்வி சட்டென்று நிமிர்ந்தாள். வாயில் ஏதோ வந்துவிட்டது. கண்ணுச்சாமி அவள் முழங்கையைத் தொட்டார்.

"ஆமாம்மா. அவரு புண்ணியந்தான்" என்றார்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவர் இலையிலும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.